எல்லாருக்கும் உள்ள கஷ்டம்தானே: மலையகத்தில் மனம் நோகும்போது

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண், இரண்டு கிழமையாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, கொழுந்து பறிக்க மலைக்குப் போனாலும் கை ஓடவில்லை என்று பக்கத்துக் காம்பரா (ஒற்றையறை வீடு) அக்காவிடம் சொல்கிறார் என்று வையுங்கள். பெரும்பாலும் கிடைக்கிற பதில், "எல்லாருக்கும் உள்ள கஷ்டம்தானே, யோசிக்காத" என்பதுதான். சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கும் அதே லயம் (வரிசை வீடு), அதே சம்பளம், அடகில் கிடக்கும் அதே தோடு. தான் தாங்கியதை இவளும் தாங்குவாள் என்று தைரியம் கொடுக்கிறார். ஆனால் மலையகத்தில் மனநோய் கண்ணுக்குத் தெரியாமலே போவதற்கு இந்த ஆறுதல் வார்த்தை ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். எல்லாரும் கஷ்டப்படுகிற இடத்தில், ஒருத்தி கஷ்டத்தைத் தாண்டி நோய்க்குள் போய்விட்டதை யாரும் கவனிப்பதில்லை. அவளும் கவனிப்பதில்லை.

முதலில் அது உடம்பில்தான் வெளிப்படும். தலைப்பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் உளைச்சல், வயிற்றுப் புரட்டல், முதுகு எரிவு. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோலும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் கொடுப்பார்கள். நாலு நாளில் அதே வலி திரும்பி வரும். அப்புறம் "வேலைக்குக் கள்ளம்" என்ற பேச்சு கிளம்பும். அந்த வலி நிஜமான வலி. மனம் நெருக்கடியில் இருக்கும்போது உடம்பு ஆபத்துக்குத் தயாராகும் நிலைக்குப் போகிறது. அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் கூடி, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, குடல் தன் ஒழுங்கை மாற்றிக்கொள்கிறது, தூக்கம் லேசாகிறது. மலையில் குளவிக்கூடு கலைந்தால் ஓடித் தப்ப வைப்பது இந்த ஏற்பாடுதான். குளவி போனதும் அது அடங்கிவிட வேண்டும். கடன் வசூலிப்பவர் கிழமைக்கு ஒரு தடவை வாசலில் வந்து நிற்கிற வீட்டில் அது அடங்குவதே இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் விட்டுவிடக் கூடாது. சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, எரிச்சல், தூக்கக் குழப்பம் எல்லாம் இரத்தச்சோகையாலும் வரும். தைராயிட் சுரப்பி மந்தமாக வேலை செய்தாலும் வரும். சீனி வியாதியிலும் வரும். மாவு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமாக நாளை ஓட்டும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவது சாதாரணம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் அந்த இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவும் விடாது. அதனால் மாதக்கணக்கில் சோர்ந்து கிடப்பவருக்கு முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. மனநல வைத்தியர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சரி, கவலைக்கும் நோய்க்கும் கோடு எங்கே? அம்மா செத்த வீட்டில் மகள் ஒரு மாதம் அழுதால் அது நோய் இல்லை. மகன் பரீட்சையில் தவறியதும் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தால் அதுவும் நோய் இல்லை. துக்கம் அலையாக வந்து போகும். நடுவில் பிள்ளை ஏதாவது குறும்பு செய்தால் முகத்தில் சிரிப்பு வரும். மனச்சோர்வு நோய் அப்படி விட்டுவிட்டு வருவதில்லை. நாளின் பெரும்பகுதி, அநேகமாக ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைக்கு மேல் மனம் இருண்டே இருக்கும். முன்பு பிடித்த எதுவும் பிடிக்காது. விடியும்வரை வராத தூக்கம் அல்லது விடியுமுன்னே கலைந்துபோகும் தூக்கம். பசி மாறும். அசைவும் பேச்சும் மெதுவாகும். சின்ன முடிவுகூட எடுக்க முடியாது. "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வரும். இவற்றில் பல சேர்ந்து வந்து, வேலையும் வீடும் நடக்காமல் போனால் அது வைத்தியம் தேவைப்படும் நோய். துயரத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது என்பதால் அது நோய் இல்லை என்றாகிவிடாது. குளிரில் நனைந்ததால்தான் நியூமோனியா வந்தது என்று நம்புகிறவர்கூட, காரணம் தெரிந்துவிட்டது என்று மருந்தை வேண்டாம் என்பதில்லையே.

பதற்ற நோய் வேறு மாதிரி. எந்த நேரமும் ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம். சிலருக்குத் திடீரென்று மூச்சு முட்டி, கை மரத்து, இதோ சாகப்போகிறேன் என்ற பீதி வந்து கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். முதல் தடவை அப்படி வந்தால் நெஞ்சு நோயா என்று வைத்தியசாலையில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதயம் சரி என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் மனநலக் கிளினிக்குக்குப் போக வேண்டும். யாரும் பேசாதபோது குரல் கேட்பது, ஆட்கள் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பல நாள் தூங்காமல் அளவுமீறிய உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைப்பது, இவை எல்லாம் தனித்தனி நோய்களின் அடையாளங்கள். இவற்றில் நாள் கடத்தக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பலன் நன்றாக இருக்கும்.

மலையகத்துக்கு வருவோம். மனநலம் பற்றி எழுதுகிற பலர் வரலாற்றை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இங்கே அப்படித் தாண்ட முடியாது. 1820களில் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அழைத்துவரப்பட்ட மக்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிக்கையாகப் பிரித்தது. ஒரே வீட்டில் அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்றான். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது. இத்தனை தலைமுறை உழைத்த பிறகும் குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றைக்கும் ஏராளம். "நாளைக்கு இந்த இடம் நமக்கு இருக்குமா" என்ற கேள்வி அந்தக் குடும்பங்களுக்கு வெறும் அரசியல் கேள்வி இல்லை. அது இரவில் தூங்கவிடாத கேள்வி.

லயத்துக் காம்பரா என்பது 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கணவன், மனைவி, பிள்ளைகள், வயதான தாய். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அழ வேண்டுமென்றால் அழ இடமில்லை. அழுதால் முழு லயத்துக்கும் தெரியும். புருஷனும் பெண்சாதியும் மனம்விட்டு ஒரு பிரச்சினையைப் பேச வேண்டுமென்றால் பிள்ளைகள் தூங்கும்வரை காத்திருந்து குசுகுசுக்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும், குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கும் இருப்பது ஒரே விளக்கு. மனநல ஆலோசனைப் பக்கங்களில் "உங்களுக்கென்று ஓர் அமைதியான இடத்தை ஒதுக்குங்கள்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காம்பராதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுப் பிரச்சினை இங்கே நேராக மனநலப் பிரச்சினை. தனி வீடு கேட்பவர்கள் தூக்கத்தையும் மரியாதையையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

பணம் அடுத்தது. நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று ஏறியது. இடையில் 2022இல் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். மழைக்காலத்தில் வேலை நாளும் குறையும். அந்த இடைவெளியை நிரப்ப வந்த நுண்கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் பெண்களைக் குழுவாகச் சேர்த்துத்தான் கடன் கொடுக்கின்றன. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆக, கஷ்டத்தைச் சொல்லி அழக்கூடிய தோழிகளே தவணைக்கு நெருக்குகிறவர்களாக மாறிவிடுகிறார்கள். கடன் கொண்டுவரும் கெடுதியில் இதைத்தான் மிகக் கொடியதாக நான் பார்க்கிறேன். பணத்தோடு சேர்த்து ஆறுதலையும் பறித்துக்கொண்டு போகிறது.

மலைச்சரிவுப் பயமும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சரிந்த மலைகள் பல ஊர்களையே மாற்றிவிட்டன. அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் மழை பலமாகப் பெய்தால் திடுக்கிட்டு எழுவதும், கூரையில் விழும் சத்தத்துக்கே உடம்பு நடுங்குவதும், பிள்ளைகள் மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் வழக்கத்துக்கு மாறானதல்ல. பாதுகாப்பான இடம், வேளைக்குச் சாப்பாடு, சொந்தக்காரர் பக்கத்தில், வழமையான பள்ளிக்கூடம் என்று கிடைத்தால் பெரும்பாலானவர்கள் மெல்லத் தேறிவிடுவார்கள். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தத் தேவையில்லை. அது சிலருக்குக் காயத்தைக் கிளறிவிடும். சொல்ல வந்தால் கேட்கலாம். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தால், அந்த இடத்தின் பக்கமே போக முடியாமல் இருந்தால், அதற்கென்று சிகிச்சை இருக்கிறது.

இனி ஆண்களைப் பற்றி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மலையகத்து ஆணின் மனநோய் அநேகமாகப் போத்தல் வடிவத்தில்தான் வீட்டுக்குள் வருகிறது. பெண் அழுதால் கவலை என்கிறோம். ஆண் அழக் கூடாது; ஆனால் குடிக்கலாம். உடம்பு வலிக்கிறது, குளிர் அடிக்கிறது என்று ஆரம்பித்து, அப்புறம் தூக்கத்துக்கு, அப்புறம் நினைப்பை மறக்க. சாராயம் கண்ணை மூட வைக்கும், உண்மைதான். ஆனால் பின்னிரவில் தூக்கத்தை உடைத்துவிடும். அடுத்த நாள் பதற்றமும் சோர்வும் கூடும். அதை அடக்க மாலையில் மறுபடி தவறணை. இப்படிச் சில வருடம் போனால் எது முதலில் வந்தது, மனச்சோர்வா குடியா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்தால்தான் இரண்டும் குறையும்.

குடிக்கிறவரைத் திட்டித் திருத்தியதாக நான் எங்கும் கண்டதில்லை. கோயிலில் சத்தியம் செய்து, கயிறு கட்டி நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். ஊர் முன்னால் கொடுத்த வாக்கு சிலரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் முற்றாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரிவது, ஆள் இடம் தெரியாத குழப்பம் எல்லாம் வரலாம். அதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைத் தேடி ஓடுகிறார்கள். அது உயிரைக் குடிக்கக்கூடிய அவசர நிலை. 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி, மருந்தோடும் விட்டமின் பி1 ஊசியோடும் நிறுத்தினால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். குடியோடு அடியும் சேர்ந்து வரும் வீட்டுப் பெண்கள் 1938 என்ற மகளிர் உதவி எண்ணையும், பிள்ளைகளுக்காக 1929ஐயும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவருக்கு நோய் என்பது அவர் அடிப்பதை நியாயமாக்காது.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நடக்கும். இரண்டு கிழமைக்குள் அது போய்விடும். போகாமல் தொடர்ந்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால், "நான் நல்ல தாய் இல்லை" என்று நினைப்பு வந்தால் மிட்வைஃபிடம் சொல்ல வேண்டும். 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வைத்து அவர்களே இதைக் கண்டுபிடிக்க முடியும். மாமியாருக்கு முன்னால் அந்தக் கேள்விகளுக்கு யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள். தாயைத் தனியாக வைத்துக் கேட்பது முக்கியம்.

பிள்ளைகளின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில், ஆச்சியிடம் வளரும் பிள்ளை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் "இவனாவது மேலே வரணும்" என்று முழுக் குடும்பத்தின் நம்பிக்கையையும் பத்து வயதில் சுமக்கும் பிள்ளை, ஓ.எல். முடித்துக் கொழும்புக் கடையில் நின்று, மேல்மாடியில் பத்துப் பேரோடு படுத்து, தோட்டத்துப் பெயரைச் சொன்னால் கேலி செய்வார்கள் என்று சொந்த ஊரை மறைக்கும் பையன். பிள்ளைகளின் மனச்சோர்வு எப்போதும் கவலை முகமாக வராது. கோபமாக, பள்ளிக்கூடம் போக மறுப்பாக, வயிற்று வலியாக, இரவு முழுவதும் போனாக வரும். போனைப் பிடுங்குவதற்கு முன் ஏன் தூங்கவில்லை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பூசாரியைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். மனம் சரியில்லை என்றால் முதலில் குறி கேட்பது, கயிறு கட்டுவது, சாமி பார்ப்பது நம் வழக்கம். படித்தவர்கள் அதைக் கேலி செய்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளியைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறபோது பத்து உறவுக்காரர் கூட வருகிறார்கள். கிளினிக்குக்குப் போகும்போது அவர் தனியாகத்தான் பஸ் ஏறுகிறார். அந்தப் பத்துப் பேரின் துணையில் உண்மையான தெம்பு இருக்கிறது. எதிர்க்க வேண்டியவை இரண்டுதான்: அடித்து, பட்டினி போட்டு, கட்டிவைத்துப் பேயோட்டுவது, கோயிலில் பார்த்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவது. விபூதி பூசிக்கொண்டே மருந்தும் சாப்பிடலாம். அப்படிச் சொல்லி அனுப்பும் பூசாரிமார் இருக்கிறார்கள், அவர்கள் செய்வது பெரிய சேவை.

தினசரி மனதைப் பார்த்துக்கொள்வது பற்றிச் சொல்லும்போது, மலைக்குப் போய் வருபவரிடம் "நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார். அவருக்குக் குறைவாக இருப்பது ஓய்வு. அதிகாலை எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) குழந்தையை விட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு. அந்த வீட்டில் செய்யக்கூடிய முதல் மனநல வேலை, தண்ணீர் எடுப்பதையோ விறகையோ பாத்திரத்தையோ ஆண்கள் கையில் எடுப்பது. அது அவளுக்கு அரை மணித் தூக்கம் கூடுதலாகத் தரும். தூக்கம் மனநலத்தின் அடித்தளம். தூக்கம் குறையக் குறையப் பதற்றமும் எரிச்சலும் கூடும் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை.

மனச்சோர்வில் கிடக்கும்போது "மனம் வரட்டும், அப்புறம் செய்கிறேன்" என்று காத்திருந்தால் மனம் வராது. செய்யத் தொடங்கினால்தான் பின்னால் வரும். உளவியலாளர்கள் கொடுக்கும் பயிற்சிகளில் மிக எளிதானதும் நன்றாகப் பலன் தருவதும் இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்வது. தலை வாருவது, வாசலில் கொத்தமல்லிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது, தங்கச்சி வீடு வரை போய் ஒரு பிளேன்டீ குடித்து வருவது. பிடிக்கும் என்பதற்காக வேண்டாம். நேரம் வந்துவிட்டது என்பதற்காகச் செய்ய வேண்டும். பதற்றம் பிடித்துக்கொள்ளும்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். படுத்ததும் கணக்குகள் தலைக்குள் ஓடினால், மாலையிலேயே ஒரு கொப்பியில் யாருக்கு எவ்வளவு, எப்போது என்று எழுதிவைப்பது நல்லது. கடன் குறையாது. ஆனால் இரவு முழுவதும் அதை மனதில் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை குறையும்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். மரணம் விழுந்தால் முழுத் தோட்டமும் கூடுகிறது, தப்பு அடிக்கிறார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், மரண உதவிச் சங்கம் செலவைப் பார்க்கிறது. துக்கத்தை வாய்விட்டு, ஊர் நடுவில், உரிமையோடு அழ ஓர் ஏற்பாடு. மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து தொடங்கினால் கிழமைக்கணக்கில் இளைஞர்களுக்குப் பொறுப்பும் பழக்கமும் கூட்டமும் கிடைக்கிறது. கொழும்பிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். காமன் எரிந்ததும் ரதி அழும் அழுகையோடு சேர்ந்து அழாத அம்மாக்கள் குறைவு. இவை பழைய பழக்கம் என்று கைவிடப்படும் இடங்களில் அதன் இடத்தில் வேறெதுவும் வருவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. தனிமை மனச்சோர்வை வளர்க்கும். லயத்தில் நாலு பக்கமும் ஆள் இருந்தும் தனிமை வரும்.

வைத்தியம் எங்கே கிடைக்கும்? அரச வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் இலவசம், மருந்தும் இலவசம். நுவரெலியா, கண்டி, பேராதனை, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. பல ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக் நடக்கிறது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பகுதிக் கிளினிக் எந்த நாள் என்று சொல்வார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எந்த நேரமும் இயங்குகிறது. 1333 என்ற எண்ணும் உண்டு. 1974 முதல் சுமித்ரயோ அமைப்பு பெயர் கேட்காமல் துயரத்தைக் கேட்டு வருகிறது. தமிழ் அரசகரும மொழி. தமிழில் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, சலுகை இல்லை. மொழி தெரியாத இடத்தில் மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துத் தாய் தன் மனதைச் சொல்ல முடியாது. தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப்பேர் போவதில்லை. உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள்: தூக்கம், சாப்பாடு, வேலை, குடும்பம், குடி, சாக வேண்டும் என்ற எண்ணம். ஷாக் கொடுப்பார்கள், அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் பழைய காலத்துப் பயம். 2004 சுனாமிக்குப் பிறகு நாட்டின் மனநல சேவை மாவட்டங்களுக்குப் பரவியது; பெரும்பாலானவர்கள் மாத்திரையும் அறிவுரையுமாக அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். மனச்சோர்வு மாத்திரை பனடோல் மாதிரி உடனே வேலை செய்யாது. இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றுப் புரட்டலும் தலைச்சுற்றும் மட்டும் தெரியும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், வைத்தியர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதற்கு அடிமையாகிவிடுவோம் என்பது தவறான பயம். பழக்கமாகிவிடும் ஆபத்து சிலவகைத் தூக்க மாத்திரைகளுக்குத்தான் உண்டு. அவற்றை ஃபார்மசியில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

தற்கொலையைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நடந்தன. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்த எண்ணிக்கை நமக்குச் சொல்வது ஆழமான செய்தி: சாக நினைக்கும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்கு உரியது. அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஆள் பிழைக்கிறார், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள். மரக்கறித் தோட்டம் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டுக்கு வெளியே, பூட்டு போட்டு, சாவியை வேறொருவரிடம் வைப்பது உயிர் காக்கும் வேலை.

யாராவது "இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேசினால், "சாகலாம் என்று யோசனை வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்பது உண்மையில்லை. கேட்டதும் பாரம் இறங்கியது என்றுதான் பலர் சொல்கிறார்கள். பிள்ளைகளை நினைத்துப் பார் என்று குற்ற உணர்வை ஏற்றாமல் கேளுங்கள். தனியாக விடாதீர்கள். 1926க்கு நீங்களே அழைத்துக் கொடுங்கள், அல்லது வைத்தியசாலைக்குக் கூடப் போங்கள். முயற்சி செய்து பிழைத்தவரை பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை.

கடைசியாக, தொழிற்சங்கங்களிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்க வேண்டியவை. கிளினிக் நாளில் ஒரு பெண் பேர் போட முடியாது. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகிறது. மாதம் ஒரு தடவை அப்படி இழக்கப் பயந்து மூன்றாம் மாதத்தோடு மருந்தை நிறுத்துகிறாள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தியக் கிளினிக்குக்குச் சம்பளத்தோடு லீவு என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம். நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர்களுக்கும் மனச்சோர்வை அடையாளம் காணும் பயிற்சி கொடுக்கலாம். மனநலக் கிளினிக்கை மாதம் ஒரு தடவையாவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கே கொண்டுவரச் சொல்லி எம்.ஓ.எச். அலுவலகத்துக்குக் கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து எழுதலாம். மற்ற நோயாளிகளோடு அதே வாங்கில், அதே நாளில் உட்கார முடிந்தால், மனநல மருந்துக்கு வந்தவர் யார் என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவரும் அடுத்த மாதம் வருவார்.